10 வயசுக்குட்பட்டோர் டோர்னமென்ட்: நாலு மேட்ச்ல என் பையன் ஆடினது 11 நிமிஷம்

கொளத்தூர்_அப்பா (சென்னை)

எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு நாளா மனசு சரியில்லை, அதான் இங்க கொட்டறேன்.

பையனுக்கு ஒன்பதரை வயசு. ரெண்டு வருஷமா ஒரு அகாடமியில கால்பந்து பழகறான். அகாடமி பேர் வேண்டாம். கோச் நல்ல மனுஷன், பிள்ளைங்க மேல கை வெச்சதே கிடையாது. போன சனி, ஞாயிறு 10 வயசுக்குட்பட்டோருக்கு டோர்னமென்ட். அணிக்கு ஏழு பேர், பாதிக்குப் பத்து நிமிஷம். நாலு மேட்ச், மொத்தம் 80 நிமிஷம். அதுல இவன் களத்துல நின்னது 11 நிமிஷம். போன்ல டைமர் போட்டுப் பார்த்தேன். அந்த 11 நிமிஷத்துல பந்து அவன் கால்ல பட்டது அஞ்சு தடவை. அதுல மூணு தடவை வெளியில இருந்து "தூக்கி அடி! தூக்கி அடி!"ன்னு சத்தம். அவனும் தூக்கி அடிச்சான். வீட்டு மொட்டை மாடியில ஒரு டென்னிஸ் பந்தை வெச்சுக்கிட்டு என்னையும் அவங்க அக்காவையும் மாத்தி மாத்திக் கடந்து போற பையன் அவன். அது எதையும் அங்க செஞ்சு பார்க்கவே இல்லை.

கோப்பை நாங்கதான் ஜெயிச்சோம். மெடல் போட்டு போட்டோ எடுத்தாங்க. ராத்திரி அவன் அம்மா துவைக்கப் போடும்போது ஸ்டாக்கிங்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தா. ஒரு மண் கறை இல்லை.

திங்கட்கிழமை கோச்கிட்ட பேசினேன். "சார், போன சீசன்ல ரெண்டு டோர்னமென்ட்ல முதல் ரவுண்டுல வெளிய வந்தோம். அந்த மாசமே நாலு பேரன்ட்ஸ் பிள்ளைங்களை வேற அகாடமிக்கு மாத்திட்டாங்க. நான் என்ன செய்யட்டும்?"னு கேட்டார். என்கிட்ட பதில் இல்லை. இந்த வயசுல ஜெயிக்கிறதுக்காக ஆடணுமா, கத்துக்கிறதுக்காக ஆடணுமா? ரெண்டையும் சேர்த்து நடத்தற இடம் எங்கேயாவது இருக்கா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

மதுரை_கோச்

அண்ணே, உங்க கோச் நின்ன இடத்துல நானும் நின்னிருக்கேன். எட்டு வருஷமா பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். அட்மிஷனுக்கு வர்றவங்க கேக்கிற முதல் கேள்வி "போன வருஷம் எத்தனை கப்பு?" வாரத்துல எத்தனை நாள் பயிற்சி, ஒரு பந்துக்கு எத்தனை பிள்ளைக, யாரும் கேக்கிறதில்லை.

நான் எப்படி கப்பு வாங்கினேன்னு சொல்றேன், மறைக்க ஒண்ணும் இல்லை. முழு அளவு கோல்போஸ்ட் 24 அடி அகலம், 8 அடி உயரம். பெரியவங்களுக்கு வெச்ச அளவு அது. நம்ம ஊர்ல சின்னப் பிள்ளைக டோர்னமென்ட்டையும் பல இடத்துல அதே கோலை வெச்சுத்தான் நடத்துறாங்க. ஒன்பது வயசு கீப்பர் நாலே கால் அடி இருப்பான். கையை முழுசா நீட்டிக் குதிச்சாலும் பார் எட்டாது. அதனால எவன்கிட்ட பலமான உதை இருக்கோ அவனைப் பின்னால நிறுத்து, பந்து வந்ததும் உயரமா கோலைப் பார்த்து அடிக்கச் சொல்லு. கீப்பர் தலைக்கு மேல போய் விழுந்துடும். வேற எந்தத் திறமையும் தேவையில்லை. ஒரே வருஷத்துல மூணு கப்பு வாங்கினேன்.

அந்த உதை உதைச்ச பையன் வயசுக்கு மீறின வளர்த்தி. பத்து வயசுல அவன்தான் ஊருக்கே ராஜா. 14 வயசுல மத்தவங்களும் வளர்ந்துட்டாங்க, கீப்பரும் வளர்ந்துட்டான், அந்த உயரப் பந்தை இருந்த இடத்துல நின்னு பிடிச்சான். இவனுக்கு வர்ற பந்தைக் கால்ல நிறுத்தத் தெரியலை. தலையைத் தூக்கி யார் எங்க நிக்கிறாங்கன்னு பார்க்கிற பழக்கமே இல்லை. பார்க்க விட்டதில்லையே நான். 15ல நின்னுட்டான். இப்ப கடைவீதியில பார்த்தா "வணக்கம் சார்"ம்பான். அந்த நாலு வருஷத்தை அவன்கிட்ட இருந்து நான்தான் எடுத்துக்கிட்டேன். இதை எந்த மேடையிலயும் சொல்லுவேன்.

கோவை_ஓட்டக்காரர்

கோச் சொன்னதை மதிக்கிறேன். ஆனா மறுபக்கத்தையும் யாராவது பேசணும்.

என் பொண்ணுக்கு 11 வயசு. காலையில அஞ்சு மணிக்கு அவளே எழுந்து ஷூ மாட்டிக்கிட்டு என்னை எழுப்புவா. ஒரு நாள் பயிற்சியைத் தவற விட்டதில்லை. வாரத்துக்கு ஒரு நாள் வந்து எட்டிப் பார்த்துட்டுப் போற பிள்ளைக்கும் இவளுக்கும் சம நேரம்னா, அது இவளுக்கு நியாயமா? உழைச்சா இடம் கிடைக்கும்கிறதைப் பிள்ளைங்க எங்கே கத்துக்கும்?

இன்னொண்ணு, தோல்வி. ஸ்கோர் எழுத மாட்டோம், கோப்பை கிடையாது, எல்லாருக்கும் மெடல்னு வளர்த்தா, முதல் தடவை நிஜமா தோத்துட்டு நிக்கிற அன்னைக்கு அந்தப் பிள்ளை உடைஞ்சு போயிடாதா? நான் மாவட்ட அளவுல ஓடினவன். தோத்த ஓட்டங்கள்தான் எனக்குப் பாடம் நடத்துச்சு.

ஒஸ்லோ_அம்மா

எல்லாருக்கும் வணக்கம். நான் நோர்வேயிலை இருக்கிறன், ஊர் யாழ்ப்பாணம். எங்கட பக்கம் இதை உதைபந்தாட்டம் எண்டுதான் சொல்லுறது. மகனுக்கு 12, மகளுக்கு 9. ரெண்டு பேரும் வீட்டுக்குக் கிட்ட இருக்கிற கழகத்திலை விளையாடுகினம். மகளின்ரை குழுவுக்கு நானும் ஒரு நோர்வேஜியத் தகப்பனும்தான் பயிற்றுநர். நான் சின்னனிலை பந்தைத் தொட்டதே இல்லை. கழகம் வைச்ச வகுப்புக்குப் போய்ப் பழகினனான்.

இஞ்சை 1987இலேயே பிள்ளையளின்ரை விளையாட்டுக்கெண்டு தனி விதி கொண்டு வந்தவை. 2007இலை அதோடை பிள்ளையளின்ரை உரிமையள் எண்டும் எழுதிச் சேர்த்தவை. 11 வயசாகிற வருசம் வரைக்கும் பெறுபேற்றுப் பட்டியல், தரவரிசை ஒண்டும் போடேலாது. தேசிய சாம்பியன்ஷிப் எண்டால் 13 வயசாகிற வருசம் வரைக்கும் பொறுக்கவேணும். உதைபந்தாட்டத்திலை 6, 7 வயசுக்கு மூண்டு பேர், 8, 9 வயசுக்கு அஞ்சு பேர், 10, 11க்கு ஏழு பேர், 12, 13க்கு ஒன்பது பேர். கோலும் மைதானமும் வயசுக்கேத்த மாதிரிச் சின்னன்.

எனக்கு ஆகவும் பிடிச்ச விதி ஒண்டு. ஒரு அணி நாலு கோலாலை முன்னுக்கு நிண்டால், பின்னுக்கு நிக்கிற அணி ஒரு ஆளைக் கூட இறக்கலாம். போன மாசம் நாங்கள் அப்பிடிப் பின்னுக்கு நிண்டம். மற்றப் பக்கத்துப் பயிற்றுநரே என்னைப் பாத்து விரலைக் காட்டினவர், "ஒராளை இறக்குங்கோ" எண்டு. மகள்தான் இறங்கினவள். அதுக்குப் பிறகு ரெண்டு பக்கத்துப் பிள்ளையளுக்கும் விளையாட்டுச் சூடு பிடிச்சிட்டுது. முன்னுக்கு நிண்ட பிள்ளையளும் அலுப்பில்லாமல் ஓடினவை.

கோவை அண்ணை, பிள்ளையள் ஸ்கோரை மறக்காதுகள். காருக்குள்ளை ஏறினவுடனை மகள் சொல்லுவாள், "அம்மா, ஆறு-மூண்டு" எண்டு. அவைக்குத் தெரியும், அழுகையும் வரும். பட்டியல் போடாத விதி எங்களுக்குத்தான், பெரியாக்களுக்கு. பட்டியல் இல்லாத இடத்திலை எந்தப் பிள்ளையையும் விளையாட விடாமல் வாங்கிலை (பெஞ்சிலை) இருத்தி வைக்க எனக்கு ஒரு காரணமும் இல்லை.

நோர்வே அணியின்ரை நட்சத்திர வீரர் ஹாலாண்டைப் பற்றி எல்லாரும் கேக்கிறவை. அவர் வளந்த புரினே சின்ன ஊர். அங்கை ஏறக்குறைய 40 பிள்ளையளை அல்ஃப் இங்வெ பேர்ன்ட்சன் எண்ட பயிற்றுநர் ஒருத்தரையும் கழிக்காமல் ஒண்டாய் வைச்சுப் பழக்கினவர். ஹாலாண்ட் அந்த நேரம் பெரிய உடம்புக்காரர் இல்லை, வளத்தி பிறகுதான் வந்தது. 11 வயசிலை உயரம் பாத்துப் பிரிச்சிருந்தால் என்ன ஆகியிருக்கும் எண்டு நான் அடிக்கடி யோசிக்கிறனான். 1998க்குப் பிறகு முதல் தடவையாய் நோர்வே 2026 உலகக்கோப்பைக்குப் போகத் தகுதி பெற்ற இரவு, இத்தாலியை அவையின்ரை மண்ணிலை 4-1 எண்டு வெண்ட இரவு, எங்கட தெருவெல்லாம் சத்தம்.

எல்லாம் சொர்க்கம் எண்டு நினைச்சிடாதேங்கோ. 13, 14 வயசிலை பிள்ளையள் விட்டிட்டுப் போறது இஞ்சையும் இருக்கு. பெரிய கழகங்கள் சின்னனிலேயே பொறுக்கி எடுக்கப் பாக்குது எண்ட சண்டையும் ஓயேல்லை.

டார்ட்மண்ட்_தமிழன்

அக்கா சொன்னதோட ஜெர்மனி விஷயத்தையும் சேர்த்துக்கறேன். கோவை நண்பர் எழுப்பின அதே கேள்விதான் இங்க நாடு முழுக்க ஓடின சண்டை.

2018, 2022 ரெண்டு உலகக்கோப்பையிலும் ஜெர்மனி முதல் சுற்றோட வெளிய வந்துச்சு. ஆனா குழந்தைகள் கால்பந்தை மாத்தணும்னு முடிவெடுத்தது ரெண்டாவது தோல்விக்கு முன்னாடியே, 2022 மார்ச்சுல. 2024-25 சீசன்ல இருந்து நாடு முழுக்கக் கட்டாயம். ஏழு வயசு வரைக்கும் ரெண்டுக்கு ரெண்டு, இல்லைன்னா மூணுக்கு மூணு. பக்கத்துக்கு ரெண்டு குட்டிக் கோல், ஆக மொத்தம் நாலு. அடுத்த வயசுக்கு மூணு பேர் அல்லது அஞ்சு பேர். 11 வயசுக்குள்ள அதிகபட்சம் ஏழு. சின்ன வயசுப் பிரிவுகள்ல லீக் பட்டியலே கிடையாது. எங்க ஊர் கிளப்பின் தலைமை நிர்வாகியா இருந்த வாட்ஸ்கேயே இதைக் கடுமையா எதிர்த்தார். தோல்வின்னா என்னன்னே தெரியாம வளர்ற பிள்ளைக்கு ஜெயிக்கிற வெறி எங்கிருந்து வரும்னு கேட்டார்.

நான் நேர்ல பார்த்ததைச் சொல்றேன். ஞாயிறு காலை ஒன்பதரைக்கு மைதானம் முழுக்க வரிசையா ஆறு குட்டிக் களம். ஒரு ஆட்டம் ஏழெட்டு நிமிஷம். விசில் அடிச்சதும் ஜெயிச்ச அணி ஒரு களம் மேல போகும், தோத்த அணி ஒரு களம் கீழ இறங்கும். கோல் விழுந்தா வரிசைப்படி ஆள் மாறணும். யாரை எடுக்கிறது, யாரை விடறதுன்னு கோச் யோசிக்கவே வேண்டாம். பதினோரு மணிக்குள்ள ஒவ்வொரு பிள்ளையும் ஆறேழு ஆட்டம் ஆடி முடிச்சிருக்கும். அதுல சிலது ஜெயம், சிலது தோல்வி. போகப் போகத் தனக்குச் சமமான ஆளோடதான் மோதும். என் பையன் ஒரே காலையில மூணு தடவை தோத்து ரெண்டு தடவை ஜெயிச்சான். கோவை நண்பரே, பழைய முறையில 12-0ன்னு தோத்துட்டு வந்த காலத்தை விட இப்பத்தான் அவன் தோக்கக் கத்துக்கறான். பன்னிரண்டு கோல் வாங்கறதுல என்ன பாடம் இருக்கு?

பக்கத்து நாடு பெல்ஜியம் இதை முன்னாடியே செஞ்சுடுச்சு. 2000ல சொந்த மண்ணுல யூரோ கோப்பை நடத்தி முதல் சுற்றுல வெளியேறினதும், அவங்க கால்பந்துச் சங்கத்தோட மிஷேல் சப்லான் தலைமையில உட்கார்ந்து யோசிச்சாங்க. பல்கலைக்கழகத்தை விட்டு 1,500 சிறுவர் ஆட்டங்களைப் படம் பிடிச்சுப் பார்த்தாங்க. அரை மணி நேரத்துல ரெண்டே தடவை பந்தைத் தொட்ட பிள்ளைங்க அதுல இருந்தாங்க. கொளத்தூர் அண்ணன் எழுதின அந்த அஞ்சு தடவையைப் படிச்சதும் எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. ரொம்பச் சின்னப் பிள்ளைகளுக்குப் பட்டியலை எடுத்தாங்க, ஆட்டத்தைச் சுருக்கினாங்க. 2015 நவம்பர்ல அதே பெல்ஜியம் உலகத் தரவரிசையில முதல் இடம்.

கொல்கத்தா_2017

2017 அக்டோபர் 28 அன்னைக்கு நான் சால்ட் லேக் மைதானத்துல இருந்தேன். 17 வயசுக்குட்பட்டோர் உலகக்கோப்பை இறுதி ஆட்டம். ஸ்பெயின் ரெண்டு கோல் முன்னாடி. அங்க இருந்து இங்கிலாந்து 5-2ன்னு திருப்பினாங்க. ஃபோடன் ரெண்டு கோல். அந்த ஒல்லிப் பையன் பந்தை வாங்கித் திரும்பின விதத்தை இப்பவும் கண்ணை மூடினா பார்க்க முடியுது. இங்கிலாந்துல 2012ல சிறுவர் கால்பந்தை மாத்தினாங்களே, அதோட பலன்தானே இது?

மதுரை_கோச்

நண்பரே, உங்க கண்ணுல இன்னும் நிக்கிற ஆட்டத்தைக் குறைச்சுப் பேசலை. ஆனா கணக்கு உதைக்குது. அந்தப் பையன்க 2000ல பிறந்தவங்க. ஏழு, எட்டு வயசுக்கு அஞ்சு பேர், அடுத்து ஏழு, ஒன்பது, 13 வயசுல தான் பதினொண்ணுன்னு 2012ல முடிவாகி நடைமுறைக்கு வரும்போது இவங்க அந்த வயசைத் தாண்டிட்டாங்க. அவங்களை வளர்த்தது பெரிய கிளப் அகாடமிகள். 2012ல அகாடமிகளுக்குத் தனியா வந்த திட்டம் வேணும்னா அவங்களுக்கு உதவியிருக்கலாம். நம்ம பக்கம் நியாயம் இருக்குங்கிறதுக்காகப் பொருந்தாத உதாரணத்தைச் சொன்னா, நாளைக்கு ஒரு பேரன்ட் நம்மை மடக்கிடுவார்.

பிடி_சார் (தென் மாவட்டம், அரசுப் பள்ளி)

இவ்வளவு நேரம் படிச்சுக்கிட்டே இருந்தேன். நார்வே, ஜெர்மனி எல்லாம் கேக்க மனசுக்கு நல்லா இருக்கு. எங்க நிலைமையையும் கேளுங்க.

பள்ளியில 600 பிள்ளைகளுக்கு மேல. உடற்கல்வி ஆசிரியர் நான் ஒருத்தன். பந்து நாலு, அதுல ரெண்டுல காத்து நிக்காது. நாலுமே பெரியவங்க ஆடற அஞ்சாம் நம்பர். ஆறாம் வகுப்புப் பிள்ளை வெறுங்காலால உதைச்சா பாதம் வீங்கிடும். நாலாம் நம்பர் பந்து கேட்டு எழுதிக் கொடுத்தேன், வரலை.

14 வயசுக்குட்பட்டோர், 17, 19ன்னு குறுவட்டப் போட்டி நடக்கும். தோத்தா வெளிய. அதுல முதல் ஆட்டம் தோத்த அணிக்கு அந்த வருஷத்துல அரசு நடத்துற ஆட்டம் அது ஒண்ணுதான். வருஷம் பூரா ஒரே ஒரு ஆட்டம்னு யோசிச்சுப் பாருங்க. கத்துக்க வேண்டிய அணிக்குக் குறைஞ்ச ஆட்டம், ஏற்கனவே தெரிஞ்ச அணிக்கு அதிக ஆட்டம். அந்த ஒரு ஆட்டத்துல நான் எல்லாருக்கும் சம நேரம் கொடுத்தா, அந்த அணிக்கு ரெண்டாவது ஆட்டமே கிடையாது. தலைமையாசிரியர் கேக்கிறது இருக்கட்டும், பிள்ளைகளே என்னைக் கேப்பாங்க.

சான்றிதழை லேசா நினைக்காதீங்க. எங்க பள்ளியில படிச்ச ஒரு பொண்ணு, அப்பா வாழைத்தார் சுமக்கிறவர், மாநில அளவுல ஆடின சான்றிதழை வெச்சுத்தான் கல்லூரியில விளையாட்டுப் பிரிவுல இடம் வாங்கினா. கட்டணம் இல்லை, விடுதி இலவசம். அரசு வேலையில விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்குன்னு அவ தம்பி இப்ப நாள் தவறாம மைதானத்துக்கு வர்றான். அந்த வீட்டுல போய் "ரிசல்ட் முக்கியம் இல்லை, வளர்ச்சிதான் முக்கியம்"னு சொல்ல எனக்கு நாக்கு வராது.

ஒஸ்லோ_அம்மா

சேர், நீங்கள் எழுதினதை ரெண்டு தரம் வாசிச்சனான். உங்களுக்குச் சொல்லுறதுக்கு என்னட்டை ஒண்டும் இல்லை. இஞ்சை பந்தும் புல்லும் கழகம் தருது எண்டதை நான் முதலே எழுதியிருக்கவேணும்.

வியாசர்பாடி_பழைய_பேக்

பிடி சார், உங்க கஷ்டம் புரியுது. நான் வடசென்னைக்காரன். எங்க ஏரியாவைக் குட்டி பிரேசில்னு எழுதுவாங்க. பிரேசில் பேர் வந்தது அப்புறம், ஆட்டம் வந்தது சந்துல. நான் பழகினதும் அங்கதான்.

சந்து அகலம் பத்து, பன்னிரண்டு அடி இருக்கும். ரெண்டு பக்கமும் வீட்டுப் படிக்கட்டு, நடுவுல தண்ணி பிடிக்கிற குழாய், குடம், சைக்கிள். ரெண்டு செங்கல் வெச்சா கோல். மூணுக்கு மூணு, நாலுக்கு நாலு, அதுக்கு மேல ஆள் நிக்க இடம் கிடையாது. தூக்கி அடிச்சா யாராவது வீட்டு ஓடு உடையும், உடைச்சவன் காசு கொடுக்கணும். அதனால பந்து தரையைவிட்டு எழும்பாது. சுவத்துல தட்டி, படிக்கட்டுல தட்டி, அது எந்தப் பக்கம் திரும்பும்னு கணக்குப் போட்டு ஓடணும். கோச் கிடையாது, வெளிய நின்னு கத்தற அப்பா கிடையாது. ஒரு மணி நேரத்துல பந்து எத்தனை நூறு தடவை கால்ல பட்டிருக்கும்னு யாரு எண்ணினா. எங்க வியாசர்பாடிப் பையன் நந்தகுமார் சேகர், 2023 ட்யூராண்ட் கோப்பையில ஈஸ்ட் பெங்காலுக்காக மோகன் பகானுக்கு எதிரா அடிச்ச கோலைத் திரும்பப் பாருங்க. ஆளுக்கு முன்னாடி நின்னு, உள்ள வெட்டி, இடது கால்ல வளைச்சான். அப்படி ஆளை நிறுத்தி வெட்டற தைரியம் சின்னதுல நூறு தடவை பந்தைப் பறி கொடுத்தவனுக்குத்தான் வரும். பறி கொடுத்ததுக்காக உட்கார வெச்சிருந்தா வந்திருக்காது.

அதனால சார், குறுவட்டத்துல நீங்க ஜெயிக்க ஆடுங்க, தப்பே இல்லை. 14 வயசுன்னா அது ஏறக்குறைய பெரிய ஆட்டம். ஆனா ஆறாம் வகுப்பு, ஏழாம் வகுப்பு பிள்ளைக்கு வருஷத்துல மீதி இருக்கிற நாளெல்லாம் உங்க கையில இருக்கு. காத்து நிக்கிற ரெண்டு பந்து, எட்டு செங்கல், நாலுக்கு நாலு, ரெண்டு களம். ஒரு நேரத்துல 16 பேர். அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை அணி மாத்துங்க. எங்க சந்துல ஜெயிச்சவன் நிப்பான், தோத்தவன் வெளியன்னு இருந்துச்சு. அது ஒண்ணு மட்டும் தப்பு. எங்க கூட இருந்த ஒல்லிப் பையன்க எல்லாம் பாதி நேரம் சுவத்துல சாஞ்சுக்கிட்டு நின்னாங்க. இப்ப நான் பழக்கற பசங்களுக்கு ஜெயிச்ச அணி வெளிய, தோத்த அணி நிக்கும். கொஞ்ச நாள் முனகினாங்க, இப்பப் பழகிடுச்சு.

ஜூன்_பிறந்தநாள்

வயசு விஷயத்தை யாரும் தொடலையேன்னு எழுதறேன்.

வயசுப் பிரிவுக்கு ஜனவரி 1தான் கணக்கு. ஜனவரியில பிறந்தவனும் டிசம்பர்ல பிறந்தவனும் ஒரே அணி. ஒன்பது வயசுல பதினோரு மாசம்னா அது சராசரியா ரெண்டு அங்குல உயரம். ஜெயிக்கணும்னு நினைக்கிற கோச் கண்ணு தானா பெரிய பிள்ளை மேலதான் போகும். ஐரோப்பாவுல பல நாட்டுச் சிறுவர் அணிகள்ல வருஷத்தின் முதல் மூணு மாசத்துல பிறந்தவங்க அளவுக்கு மீறி இருக்கறதைத் திரும்பத் திரும்பக் கண்டுபிடிச்சிருக்காங்க. அந்த மாசத்துப் பிள்ளைங்களுக்குத் திறமை அதிகமா? கிடையாது. முதல்ல வளர்ந்துட்டாங்க, அவ்வளவுதான்.

நம்ம ஊர்ல இதுக்கு மேல இன்னொரு சிக்கல். என் தலைமுறையில பாதிப் பேருக்கு சான்றிதழ்ல பிறந்தநாள் மே, ஜூன் மாசத்துல இருக்கும். பள்ளியில சேர்க்கறதுக்காகத் தலைமையாசிரியர் எழுதின தேதி அது. அன்னைக்கு அது யாரையும் ஏமாத்தறதுக்காக இல்லை. ஆனா தேதியை வளைக்கலாம்கிற பழக்கம் மட்டும் விளையாட்டுக்குள்ள அப்படியே வந்துடுச்சு. மீசை அரும்பின பையன் 12 வயசுக்குட்பட்டோர் அணியில நிக்கிறதை எத்தனை மைதானத்துல பார்த்திருக்கோம். மணிக்கட்டு எலும்பைப் படம் எடுத்து வயசு பார்க்கற சோதனை வந்தும் கீழ் மட்டத்துல அது எட்டலை. பத்து வயசுப் பிள்ளைங்க ஆட்டத்துல கோப்பையும் ரொக்கப் பரிசும் இருக்கிற வரைக்கும் தேதியைத் திருத்த ஒருத்தன் இருப்பான். கோப்பையை எடுத்துட்டா திருத்தறதுக்குக் காரணமே இல்லாமப் போயிடும்.

கோவை_ஓட்டக்காரர்

டார்ட்மண்ட் நண்பர் சொன்ன களம் மாறுற முறையைப் பத்தி ரெண்டு நாள் யோசிச்சேன். தோல்வி விஷயத்துல நான் நினைச்சது சரியில்லைன்னு ஒத்துக்கறேன். அது தோல்வியைக் குறைக்கலை, பங்கு போட்டுக் கொடுக்குது. ஆனா பயிற்சிக்கு வர்ற பிள்ளை, வராத பிள்ளை விஷயத்துல என் கருத்து மாறலை. தவறாம வந்தா சம நேரம் நிச்சயம்னு முதல் நாளே சொல்லிடுங்க. வராததுக்கு ஒரு விலை இருக்கட்டும். திறமை குறைஞ்சதுக்கு விலை இருக்கக் கூடாது.

மதுரை_கோச்

இதை அப்படியே என் அட்மிஷன் பாரத்துல எழுதிக்கிறேன் அண்ணே.

கொளத்தூர்_அப்பா (சென்னை)

ஆறு வாரம் கழிச்சு வர்றேன். பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி. என்ன நடந்ததுன்னு சொல்லணும்ல.

இந்த இழையை ஆறேழு பேரன்ட்ஸுக்கு வாட்ஸ்அப்ல அனுப்பினேன். அதுக்கப்புறம் கோச்சைப் பார்க்கத் தனியா போகலை, அஞ்சு பேர் சேர்ந்து போனோம். "தோத்தா நாங்க பிள்ளைங்களை மாத்த மாட்டோம்"னு முதல்ல அதைச் சொன்னோம். அவருக்கு அதுதான் தேவையா இருந்திருக்கு. நாற்காலியில சாஞ்சு உட்கார்ந்தார். மாசத்துக்கு ரெண்டு ஞாயிறு டோர்னமென்ட் இல்லாம நாலுக்கு நாலு ஆட்டம் வைக்கறதா ஒத்துக்கிட்டார். கோன் வெச்சு நாலு களம், நாலாம் நம்பர் பந்து, பெரியவங்க எல்லாரும் மரத்தடியில, கத்தக் கூடாது.

முதல் ஞாயிறு நான் நோட்டும் பேனாவுமா உட்கார்ந்தேன். முதல் பத்து நிமிஷத்துலயே பந்து அவன் கால்ல பட்டது 40 தாண்டிடுச்சு, அதோட எண்ணறதை விட்டுட்டேன். நல்லா ஆடினான்னு சொல்ல வரலை. ஒன்பது தடவையோ பத்து தடவையோ பந்தைப் பறி கொடுத்தான். ஒவ்வொரு தடவையும் தலையைத் திருப்பி மரத்தடியைப் பார்த்தான், என்னை. நான் கையைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். ரெண்டாவது ஞாயிறு பாதியில பார்க்கறதை நிறுத்திட்டான். அப்புறம் மொட்டை மாடியில அவங்க அக்காவுக்குக் காட்டற அந்தத் திருப்பம், பந்தை உள்ளங்காலால பின்னுக்கு இழுத்து மறுபக்கம் சுத்தற வித்தை, அதை முதல் தடவையா ஒரு நிஜ ஆளுக்கு எதிரா செஞ்சான். அடுத்த ஆளுகிட்ட பறி போச்சு. எனக்குக் கவலை இல்லை.

எல்லாம் சரியாயிடுச்சுன்னு இல்லை. ரெண்டு பேரன்ட்ஸ் பிள்ளைங்களை மாத்திட்டாங்க. "காசு கட்டி விளையாட்டு காட்டறீங்களா"ன்னு ஒருத்தர் கேட்டுட்டே போனார். அடுத்த மாசம் டோர்னமென்ட் வருது. குரூப் ஆட்டங்கள்ல ஒவ்வொரு பிள்ளையும் குறைஞ்சது ஒரு பாதி ஆடும்னு கோச் சொல்லியிருக்கார். நாக்அவுட்டுக்கு வாக்குக் கொடுக்க மாட்டேன்னு நேராவே சொல்லிட்டார். அது வந்ததும் மறுபடி பேசணும்.

பிடி_சார் (தென் மாவட்டம், அரசுப் பள்ளி)

வியாசர்பாடி அண்ணன் சொன்ன மாதிரி செங்கல் வெச்சு ஆறாம் வகுப்புக்கு ஆரம்பிச்சுட்டேன். செங்கல்ல ஒரு பிள்ளைக்குக் கால் விரல் அடிபட்டுடுச்சு. சின்னக் கோல்போஸ்ட் செலவு இல்லாம எப்படிச் செய்யறது? யாராவது செஞ்சிருக்கீங்களா?

வியாசர்பாடி_பழைய_பேக்

சார், ரெண்டு அங்குல பிவிசி பைப் வாங்குங்க, 20 அடி லென்த்ல வரும். 6 அடி அகலம், 4 அடி உயரத்துல ஒரு கோலுக்கு ரெண்டு லென்த் போதும், கூட பைப்பை இணைக்கிற எல்போ, டீ மூட்டுகள். கீழ்ப் பைப்ல மணலை ரொப்பி மூடிடுங்க, இல்லைன்னா காத்துல சாயும், பிள்ளைங்க மேல விழும். வலைக்குக் கடையில போய் நிக்க வேண்டாம். காசிமேட்டுல பழைய மீன்வலை கேட்டா கொடுப்பாங்க, உங்க பக்கமும் கடற்கரை இருக்கே. கண்ணி சின்னதா இருக்கறதாப் பார்த்து எடுங்க, விரல் மாட்டாது. அளவு போட்டுப் படம் வரைஞ்சு நாளைக்கு அனுப்பறேன்.